ஐந்து நாளா, மூன்று வாரமா? ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷனைத் தேர்ந்தெடுப்பது

கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம். பயாப்ஸி ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு ரேடியேஷன் டாக்டர் அக்காவிடம் சொன்னார்: "உங்களுக்கு மூன்று வாரமும் கொடுக்கலாம், ஒரு வாரத்திலும் முடிக்கலாம். யோசித்துச் சொல்லுங்கம்மா."

வெளியே வந்து உட்கார்ந்ததும் அக்கா என்னைக் கேட்டாள். "ஒரு வாரத்தில் முடிகிறதென்றால் அது பாதி வைத்தியம்தானே?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த பத்து நாள் அதற்கான பதிலைத் தேடித்தான் போனது. படித்தேன், கேட்டேன், மறுபடியும் டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம். அதே நாற்காலியில் இன்று வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் சொல்வதுதான் முடிவான பேச்சு. ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சே வேறு மாதிரி போகிறது. அதை நேரில் பார்த்தேன்.

முதலில் எனக்குக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று தனித்தனிக் கேள்விகளை நாங்கள் ஒன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தோம். எத்தனை நாள் கொடுப்பது என்பது ஒரு கேள்வி. முழு மார்பகத்துக்கா, கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமா என்பது இன்னொன்று. ரேடியேஷன் வேண்டுமா வேண்டாமா என்பது மூன்றாவது. "குறைவாகக் கொடுக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எதைக் குறைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நாளைக் குறைப்பதும் இடத்தைக் குறைப்பதும் ஒன்றே கிடையாது.

எதற்காக இந்த ரேடியேஷன்

கட்டியை எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் மார்பகத்தில் தங்கியிருக்கலாம். அவற்றை அழிக்கத்தான் இது. அமெரிக்காவில் அறுவை சிகிச்சை நிபுணர் பெர்னார்ட் ஃபிஷர் 1976-இல் தொடங்கிய பி-06 ஆய்வின் 20 ஆண்டு முடிவு 2002-இல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் வாங்காதவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. ரேடியேஷன் வாங்கியவர்களில் அது 14.3 சதவீதம். உயிர் பிழைத்திருப்பதில் மார்பகத்தை முழுவதும் எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்று இன்று டாக்டர்கள் தைரியமாகச் சொல்வதற்கு அந்த மாதிரி ஆய்வுகள்தான் அடித்தளம்.

அந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது பழைய காலத்து அறுவை சிகிச்சை, பழைய மருந்து. இன்றைய ஆய்வுகளில் ஐந்தாண்டில் நோய் அதே மார்பகத்தில் திரும்புவது பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான். 10,801 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளிவந்த ஒரு கூட்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பத்தாண்டுக்குள் நான்கு பேருக்கு நோய் திரும்புவதைத் தடுத்தால், பதினைந்தாண்டுக்குள் ஏறக்குறைய ஒரு உயிர் காப்பாற்றப்படுகிறது. ஆகவே இதை ஒப்புக்குச் செய்யும் சிகிச்சை என்று நினைத்துத் தள்ளிவிடக் கூடாது.

அறுவை சிகிச்சைக்கு முன்பே ரேடியேஷன் டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பமாக இருப்பவர்கள், முன்பே மார்பில் ரேடியேஷன் வாங்கியவர்கள், ஸ்க்லெரோடெர்மா போன்ற தோல் இறுகும் நோய் உள்ளவர்கள், டிபி53 மரபணுக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு ரேடியேஷனே ஒத்துவராமல் போகலாம். கட்டியை மட்டும் எடுத்த பிறகு அது தெரியவந்தால், முழு மார்பகத்தையும் எடுக்க மறுபடியும் ஆபரேஷன் மேஜைக்குப் போக வேண்டியிருக்கும்.

எத்தனை நாள்

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். ரேடியேஷனை அளக்கும் அலகு கிரே. நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது 25 தடவைகளில் 50 கிரே. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். அப்புறம் 15 தடவைகளில் 40 கிரே வந்தது, மூன்று வாரம். இப்போது 5 தடவைகளில் 26 கிரே, ஒரே வாரம்.

50, 40, 26 என்று எண் இறங்குவதைப் பார்த்தால் யாருக்குமே மருந்து குறைகிறது என்றுதான் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முதலாவதில் 2 கிரே. இரண்டாவதில் சுமார் 2.7. மூன்றாவதில் 5.2. மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு: சிறுசிறு அடிகளாகக் கொடுத்தால் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ஓரளவு தேறிக்கொள்ளும், பெரிய அடியாகக் கொடுத்தால் தேறுவது கடினம். ஆகவே ஒரு தடவைக்கான அளவைக் கூட்டும்போது மொத்த அளவைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்காவிட்டால் நல்ல திசுவும் சேர்ந்து கெடும். 26 கிரே என்பது பாதி வைத்தியம் ஆகாது. அதே வைத்தியத்தின் இன்னொரு கணக்கு அது.

கணக்கு சரிதான் என்பதற்குச் சான்று இருக்கிறதா? இருக்கிறது. மூன்று வாரத்துக்கு இருப்பது மிகப் பலமான சான்று. பிரிட்டனின் ஸ்டார்ட்-பி ஆய்வில் பத்தாண்டு முடிவில் அந்தப் பகுதியில் நோய் திரும்பியது, ஐந்து வாரக்காரர்களில் 5.5 சதவீதம், மூன்று வாரக்காரர்களில் 4.3 சதவீதம். தோல், தழும்பு, மார்பகம் சுருங்குவது போன்ற பின்விளைவுகளும் மூன்று வாரத்தில் கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்தன. கனடாவில் 16 தடவைகளில் 42.5 கிரே கொடுத்துப் பார்த்த ஆய்வும் பத்தாண்டு முடிவில் இதையேதான் சொன்னது. அதனால் இன்று ஆரம்ப நிலை நோய்க்கு, முழு மார்பகத்துக்கு மட்டும் ஐந்து வாரம் என்று யாராவது சொன்னால், "எனக்கு ஏன் ஐந்து வாரம்?" என்று கேளுங்கள். காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் பார்த்த ஓர் இடத்தில் எங்களுக்கும் ஐந்து வாரம் என்றுதான் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு "இங்கே அப்படித்தான்" என்பதுதான் பதில். அது ஒரு காரணமாக எனக்குப் படவில்லை.

ஒரு வாரத் திட்டத்துக்குச் சான்று ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் என்ற ஆய்வு. பிரிட்டனில் 4,096 பேர், முடிவு வெளியானது 2020-இல். ஐந்தாண்டில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது மூன்று வாரக்காரர்களில் 2.1 சதவீதம், ஒரு வாரத்தில் 26 கிரே வாங்கியவர்களில் 1.4 சதவீதம். அதே ஆய்வில் 27 கிரே வாங்கிய மூன்றாவது குழு ஒன்றும் இருந்தது. டாக்டர்கள் சோதித்துப் பார்த்து ஓரளவுக்கு மேல் மாற்றம் தெரிகிறது என்று குறித்தவர்கள், மூன்று வாரக் குழுவில் 9.9 சதவீதம், 26 கிரே குழுவில் 11.9, 27 கிரே குழுவில் 15.4. ஒரே ஒரு கிரே வித்தியாசம்தான், பின்விளைவு அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது. இந்த ஓர் இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. "சீக்கிரம் முடிக்கலாம்" என்று தோராயமாக நாளைக் குறைத்தவர்கள் இப்படி ஒரு கிரே வரை இறங்கி அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரு வாரமா? அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்று வாரத்துக்கு அதிக ஆண்டுகளின் அனுபவம் இருக்கிறது. அக்குள் நெறிக்கட்டிகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்கள், மார்பகத்தை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் ஆகியோருக்குப் பல டாக்டர்கள் இன்னும் மூன்று வாரத்தையே விரும்புகிறார்கள். மிக இளம் வயதினருக்கும் சிலர் தயங்குகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டி, நெறிக்கட்டியில் பரவாமல், சிறிய கட்டியோடு இருப்பவர் என்றால், ஒரு வாரத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. ஐந்து நாள் போவதற்கும் பதினைந்து நாள் போவதற்கும் உள்ள வித்தியாசம், உடம்பு தளர்ந்திருக்கும்போதுதான் புரியும்.

பூஸ்ட் என்ற கூடுதல் நாட்கள்

ஒரு வாரம் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்ட பிறகு "பூஸ்ட் கொஞ்சம் கொடுக்கணும்" என்று கேட்பது பெரிய ஏமாற்றம். அதனால் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது பூஸ்ட். ஐரோப்பாவில் இதை 20 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அதே மார்பகத்தில் நோய் திரும்புவது 16.4 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. 40 வயதும் அதற்குக் குறைவும் ஆனவர்களுக்கு 36-இலிருந்து 24.4 ஆகக் குறைந்தது. அவர்களுக்குத்தான் லாபம் அதிகம். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. விலை என்னவென்றால், அந்த இடம் கடுமையாக இறுகிப்போவது 1.8 சதவீதத்திலிருந்து 5.2 ஆனது.

இளம் வயது, கிரேடு 3 (வேகமாக வளரும் வகை), ஓரம் குறுகலாக வெட்டப்பட்ட கட்டி (சுற்றியுள்ள நல்ல திசு கொஞ்சமே சேர்ந்து வந்தது) என்று ஏதாவது இருந்தால் பூஸ்ட் நியாயமானது. அறுபதைத் தாண்டியவர், சாதுவான கட்டி என்றால் தேவையா என்று கேட்கலாம். மூன்று வாரத் திட்டத்தில் பூஸ்ட்டைத் தனியாகச் சேர்க்காமல், அதே 15 தடவைகளுக்குள் அந்த இடத்துக்கு மட்டும் அளவைக் கூட்டி 48 கிரே வரை கொண்டுபோவதும் பிரிட்டனில் ஆய்வு செய்யப்பட்டு நல்ல முடிவு தந்திருக்கிறது. அதாவது பூஸ்ட் தேவைப்படுபவருக்கு "ஐந்து நாளா பதினைந்து நாளா" என்ற கணக்கே மாறிவிடுகிறது. ஐந்து நாளோடு பூஸ்ட் ஐந்து நாள் சேர்ந்தால் பத்து. பதினைந்துக்குள் பூஸ்ட்டும் அடங்கினால் பதினைந்து. வித்தியாசம் ஒரு வாரம்தான்.

முழு மார்பகமா, அந்த இடம் மட்டுமா

நோய் திரும்பினால் பெரும்பாலும் பழைய கட்டி இருந்த இடத்தை ஒட்டித்தான் திரும்புகிறது. அப்படியானால் அந்தப் பகுதிக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? பொருத்தமானவர்களுக்குப் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இம்போர்ட்-லோ ஆய்வில் 2,018 பேர். ஐந்தாண்டில் நோய் அதே மார்பகத்தில் திரும்பியது, முழு மார்பகத்துக்கு வாங்கியவர்களில் 1.1 சதவீதம், பகுதிக்கு மட்டும் வாங்கியவர்களில் 0.5. இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் 520 பேரில் பாதிப் பேருக்கு அந்தப் பகுதிக்கு மட்டும், ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஐந்து தடவைகளில் 30 கிரே கொடுத்தார்கள். பத்தாண்டில் 3.7 சதவீதம்; முழு மார்பகக் குழுவில் 2.5. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. தோலும் மார்பகத்தின் தோற்றமும் பகுதிக் குழுவில் நன்றாக இருந்தன.

ஆனால் "பகுதி" என்று சொன்னாலே எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். கனடாவின் ரேபிட் ஆய்வில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை வீதம் பத்துத் தடவை கொடுத்தார்கள். நோயைத் தடுப்பதில் குறையில்லை. ஆனால் பின்னாளில் மார்பகம் இறுகுவதும் தோற்றம் கெடுவதும் அதிகமாகின. ஒரே நாளில் இரண்டாவது வேளைக்குள் நல்ல திசுவுக்குத் தேற நேரம் போதவில்லை என்பது ஒரு விளக்கம். உங்களுக்குப் பகுதி ரேடியேஷன் என்று சொன்னால், எந்த முறையில், எத்தனை தடவை, நாளுக்கு ஒரு வேளையா இரு வேளையா என்று கேளுங்கள். மெல்லிய குழாய்களை மார்பகத்துக்குள் செலுத்தி உள்ளிருந்தே கதிர் கொடுக்கும் பிரேக்கிதெரபியும் நல்ல முடிவு தந்த முறைதான். கை தேர்ந்தவர்கள் இருக்கும் இடத்தில் அதைப் பரிசீலிக்கலாம்.

பகுதி ரேடியேஷன் யாருக்குப் பொருந்தும்? நாற்பது வயதுக்கு மேல், கட்டி 2 சென்டிமீட்டருக்குள், கிரேடு 1 அல்லது 2, இ.ஆர். பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை), நெறிக்கட்டியில் பரவல் இல்லை, வெட்டிய ஓரங்கள் சுத்தம். இதில் ஒன்று இடித்தாலும் நான் முழு மார்பகத்தின் பக்கம்தான் நிற்பேன். அக்காவின் கட்டி 1.4 சென்டிமீட்டர், கிரேடு 2, பரவல் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பக்கத்து ஓரம் மட்டும் மிகக் குறுகல். டாக்டர் அந்த வரியின் மேல் பேனாவை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். பகுதி ரேடியேஷன் பேச்சு அங்கேயே நின்றது.

ஆபரேஷன் மேஜையிலேயே ஒரே தடவையில் கொடுத்து முடிக்கும் முறையும் உண்டு. கேட்க ஆசையாகத்தான் இருக்கும். எனக்கு அதில் தயக்கம் உண்டு, காரணம் மிலானில் நடந்த எலியட் ஆய்வு. 1,305 பேர். பதினைந்தாண்டில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, ஒரே தடவை வாங்கியவர்களில் 12.6 சதவீதம், முழு மார்பக ரேடியேஷன் வாங்கியவர்களில் 2.4. உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசம் தெரியவில்லை என்றாலும், பத்துச் சதவீத இடைவெளி சின்னது கிடையாது. அதோடு, கதிர் கொடுக்கும் நேரத்தில் முழு பயாப்ஸி ரிப்போர்ட் கையில் இருக்காது. பிறகு ரிப்போர்ட் வேறு மாதிரி வந்தால், முழு மார்பகத்துக்கும் மறுபடி வாங்க வேண்டியதுதான்.

வாங்காமலே இருக்கலாமா

அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டியவர்களுக்கு இது உண்மையான ஒரு தேர்வு. பிரைம்-2 ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,326 பேர். ஹார்மோன் பாசிட்டிவ், நெறிக்கட்டியில் பரவல் இல்லை, எல்லோரும் ஹார்மோனுக்கு எதிரான மாத்திரை எடுத்தவர்கள். பத்தாண்டில் நோய் அதே மார்பகத்தில் திரும்பியது ரேடியேஷன் வாங்காதவர்களில் 9.5 சதவீதம், வாங்கியவர்களில் 0.9. உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் சுமார் 81 சதவீதம்.

இந்த இரண்டு வரியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு முடிவுக்கு வருவார். இரண்டு முடிவும் சரிதான். "உயிருக்கு வித்தியாசம் இல்லையே, எதற்கு அலைய வேண்டும்" என்பவரும் உண்டு. "மறுபடி ஒரு கட்டி என்ற வார்த்தையே என் காதில் விழக் கூடாது" என்பவரும் உண்டு. பிள்ளைகளோ தம்பி தங்கைகளோ அவருக்காக முடிவெடுப்பதுதான் தவறு.

இதில் ஒரு நுணுக்கத்தை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. அந்த 9.5 சதவீதம் மாத்திரையை எடுத்துக்கொண்டவர்களின் கணக்கு. ரேடியேஷனை விடுவதென்றால், மாத்திரையை ஐந்து ஆண்டு, தினமும், விடாமல் போட வேண்டும். மூட்டு வலி, உடம்பெல்லாம் திடீரென்று சூடாவது, எலும்பு தேய்வது என்று தாங்க முடியாமல் பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய. ஐந்து நாள் ரேடியேஷனா, ஐந்து ஆண்டு மாத்திரையா என்று எதிரெதிரே வைத்து ஐரோப்பாவில் ஆய்வு நடக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களிடம் 2024-இல் வெளியான முதல் கட்ட முடிவில், அன்றாட வாழ்க்கையின் நலம் ரேடியேஷன் குழுவில் மேலாக இருந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று முன்பே சந்தேகம் உள்ள ஒரு மூதாட்டிக்கு, ரேடியேஷனை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இடது பக்கம் என்றால்

அக்காவுக்கு இடது மார்பகம். கீழேயே இதயம். 2013-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, இதயத்தின் மேல் சராசரியாக விழும் ஒவ்வொரு கிரேக்கும் பெரிய இதய நோய் வரும் வாய்ப்பு, இருந்ததற்கு மேல் 7.4 சதவீதம் கூடுகிறது. இவ்வளவு கிரே வரை ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தக்க பாதுகாப்பான எல்லை எதுவும் தெரியவில்லை. எத்தனை நாள் என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்போம், அதைவிட முக்கியமான கேள்வி இதுதான் என்று எனக்குப் பிறகு பட்டது: "என் இதயத்துக்குச் சராசரியாக எத்தனை கிரே போகும்?" திட்டம் போட்ட பிறகு அந்த எண் அவர்களிடம் இருக்கும். கேளுங்கள்.

அதைக் குறைக்க எளிய வழி மூச்சு. ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிப்போகிறது. அந்த இருபது வினாடிக்குள் கதிரைக் கொடுக்கிறார்கள். அக்கா வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, என்னைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிப் பழகினாள். முதல் நாள் பதினொரு வினாடி. நாலாவது நாள் இருபத்தைந்து. மூச்சைவிடக் கையைத் தூக்குவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தோள் இறுகியிருந்தது. தோள் பயிற்சியை ஆபரேஷன் முடிந்த வாரத்திலிருந்தே விடாமல் செய்யுங்கள். கை மேலே போகாவிட்டால் மெஷினில் படுக்க முடியாது.

புகைபிடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிற்காலத்தில் ரேடியேஷனால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, விடாமல் புகைப்பவர்களுக்குச் சுமார் 4 சதவீதம், புகைக்காதவர்களுக்குச் சுமார் 0.3 சதவீதம் என்று 2017-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஐந்து நாள், பதினைந்து நாள் என்ற தேர்வு எதுவும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தராது.

எங்கள் முடிவு

முழு மார்பகம், ஐந்து நாள், ஓரம் குறுகலாக இருந்ததால் ஐந்து நாள் பூஸ்ட். மொத்தம் பத்து. பூஸ்ட்டை உள்ளடக்கிய மூன்று வாரத்தையும் டாக்டர் இன்னொரு தேர்வாகச் சொன்னார். அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, "பத்து போதும்" என்றாள். முதலில் சிடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட்டார்கள். நெஞ்சில் மூன்று இடத்தில் கடுகு அளவுக்குப் பச்சைப் புள்ளி குத்தினார்கள். தினமும் அதே இடத்தில் கதிர் விழ அதுதான் அடையாளம். அறைக்குள் இருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குள். ஸ்பீக்கரில் "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று குரல் வரும். வலி துளியும் இல்லை என்றாள்.

நாள் குறைந்ததால் ஒன்று மட்டும் எங்களுக்குப் புதிதாக இருந்தது. தோல் சிவப்பதும் சோர்வும் சிகிச்சை நடக்கும்போதே உச்சத்துக்கு வராது, முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வாரக்காரர்களுக்கு அது பாதி சிகிச்சைக்குள்ளேயே தொடங்கிவிடும், தினமும் நர்ஸ் பார்ப்பார். பத்து நாள்காரர் வீட்டுக்குப் போன பிறகுதான் அது தொடங்கும். யாருக்குப் போன் செய்வது என்று ஒரு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

முடிந்த எட்டாவது நாள் அக்கா என்னை அழைத்தாள். "மார்புக்கு அடியில் மடிப்பில் சிவந்திருக்கு. அவங்க சொன்ன மாதிரியே இப்பதான் ஆரம்பிக்குது. அந்த நம்பர் உன்கிட்டதானே இருக்கு?"